இரண்டாகப் பிரித்த ஃபங்ஷன்

2023 ஜூன் 20, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள் என்பதால் முதலில் தொட்டியை நிரப்பினேன். இட்லி ஊற்றி, மத்தியானத்துக்குப் புளியோதரை கட்டி, துணிகளை உலர்த்திவிட்டு, பாளையங்கோட்டை மார்க்கெட் நிறுத்தத்தில் எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தேன். அலுவலகத்தில் எனக்கென்று ஒரு முறை உண்டு. கணினியைத் திறந்ததும் மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை. முந்தைய நாள் மற்றவர்கள் எழுதி என் பார்வைக்கு அனுப்பிய நிரல் மாற்றங்களைப் படித்து, சேர்க்கலாம், திருத்தி அனுப்பு, வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றை எழுதிய பிறகுதான் டீ. அன்று இரண்டாவது மாற்றத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது ஏரலிலிருந்து தொலைபேசி வந்தது.

அந்த நாள் முடிவதற்குள் எஸ்தர் என்ற பெண்ணின் வேலை போனது. எப்படிப் போனது என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வாரம் ஒருமுறையாவது பார்க்கிற ஒரு டைப் பிழையில், தரவின் வகை பொருந்தாத பிழையில்தான், அது தொடங்கியது.

எங்கள் நிறுவனம் சிறியது. தென்மாவட்டங்களில் ரத்தப் பரிசோதனை மையங்கள் நடத்தும் ஒரு குழுமத்துக்கு அறிக்கை தயாரிக்கும் மென்பொருளை எழுதிக்கொடுத்தோம். களக்காடு, ராதாபுரம், ஏரல் போன்ற ஊர்களில் ரத்தம் எடுப்பார்கள். பாளையங்கோட்டையில் சோதிப்பார்கள். அறிக்கை அந்தந்த ஊரிலேயே அச்சாகும். எங்கள் முதலாளி வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில்தான் எழுத வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காக அவர்மேல் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு. அவருக்கு நான் தரக்கூடிய மரியாதை அவ்வளவுதான்.

திட்ட மேலாளரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். குழுமத்தின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். அவருக்கென்று கொடுத்த கணினியை அவர் திறந்து நான் பார்த்தது குறைவு. சுற்றிவருவார், எந்த நாற்காலி காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்து, திறந்துகிடக்கும் திரையில் வேண்டியதை அடித்துவிட்டுப் போவார். யாராவது திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருந்தால் ஏசுவார். "நான் என்ன களவாணியால? நம்ம ஆபீஸ்ல பூட்டு எதுக்கு?" என்பார். நாளடைவில் யாரும் பூட்டுவதில்லை. அதை அவருடைய உரிமை என்றும், ஒரு வகை அன்பு என்றும்கூட அலுவலகம் எடுத்துக்கொண்டது.

எஸ்தர் ராதாபுரம் பக்கத்துப் பெண். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தகுதிகாண் காலம் அந்த ஜூன் கடைசியில் முடிய வேண்டும். வேலை நிரந்தரமானதும் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்வதாக இருந்தாள். சமாதானபுரத்தில் ஒரு வீடுகூடப் பேசி வைத்திருந்தாள். மாடிப்படி ஏற வேண்டாத வீடு.

அந்த டைப் பிழை வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பு. அறிக்கைக்கு இரண்டு பட்டியல்கள் தேவை. ஒன்றில் நோயாளியின் பெயரும் அளவுகளும் கொண்ட பதிவுகள் இருக்கும். மற்றொன்றில் மருத்துவர் தட்டச்சு செய்யும் குறிப்புகள் இருக்கும். குறிப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு அந்த இடம் காலி. இரண்டையும் முதலிலேயே சேர்த்துக் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். குறிப்புகள் குழுமத்தின் வேறொரு மென்பொருளிலிருந்து வந்தன. அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு வரிசை கேட்டது. ஒருவருக்கு முதலில் வந்தவர் மேலே இருக்க வேண்டும். இன்னொருவருக்குக் கடைசியில் வந்தவர். அதனால் வரிசை மாற்றும் ஃபங்ஷனை, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டை, வெளியிலிருந்து ஆர்கியுமென்டாக வாங்கி, இரண்டு பட்டியல்களையும் அதே ஃபங்ஷனால் மாற்றி, பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்படி எஸ்தர் எழுதினாள்.

நிரலைச் சரிபார்த்து ஓடவைக்கும் கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசை மாற்றும் ஃபங்ஷன் பாலிமார்ஃபிக். பட்டியலுக்குள் இருப்பது பதிவா, எழுத்தா என்று அதற்குக் கவலையில்லை. பெயர் சொல்லி நேரடியாக அழைத்தால் இரண்டுக்கும் வேலை செய்யும். ஆனால் ஆர்கியுமென்டாக உள்ளே வந்துவிட்டால் அதற்கு ஒரே ஒரு டைப்தான் என்று கம்பைலர் வைத்துக்கொள்கிறது. முதல் வரியில் பதிவுப் பட்டியலைப் பார்த்தது. இரண்டாவது வரியில் குறிப்புகளின் எழுத்துப் பட்டியல் வந்ததும், இது வேறு டைப் என்று நிறுத்திவிட்டது. வருகிற ஃபங்ஷன் எந்த டைப்புக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும் என்பதை வாங்குகிற ஃபங்ஷனின் டைப் வரியில் நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். கம்பைலர் அதைத் தானாக ஊகிக்காது. எஸ்தர் இதை யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்து, 'எல்லாவற்றுக்கும்' என்று பொருள்படும் ஃபார்ஆல் என்ற சொல்லையும், அதை அனுமதிக்கும் எக்ஸ்டென்ஷன் வரியையும் போட்டு எழுதிவிட்டாள். அப்போதுதான் அண்ணாச்சி வந்தார்.

"கம்பைலர் என்னளா சொல்லுது?"

"இப்ப ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. ஆர்கியுமென்டா வந்ததுக்கு ஒரு டைப்தான் குடுப்பேன்னுச்சு. எல்லாத்துக்கும் பொதுன்னு டைப் வரியில எழுதிட்டேன்."

அவர் குனிந்து படித்தார். "இது என்ன ஃபார்ஆல்? மேல வேற என்னமோ எக்ஸ்டென்ஷன் போட்டிருக்க. குழுமத்துல இருந்து அந்த ஐ.டி. ஆளு வந்து பாப்பான். இது என்னன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்ல?"

"எங்கிட்ட அனுப்புங்க. நான் சொல்லுதேன்."

"நீ சொல்லுவ. அவன் கேக்கணும்லா. சவத்த எடுத்துரு. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிக்கோ. பதிவுக்கு ஒண்ணு, குறிப்புக்கு ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் அதே ஃபங்ஷன அனுப்பு. கம்பைலரும் வாய மூடிரும், அவனும் மூடிருவான்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு யாரு பாத்துக்கிடுவா அண்ணாச்சி?"

"நாம பாத்துக்கிடுவோம். கம்பைலருக்கா சம்பளம் குடுக்கோம்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்துவிட்டு, சொன்னபடி மாற்றி எழுதினாள். அவள் சொன்னதில் தவறில்லை. அவர் சொன்ன வழியையும் கம்பைலர் ஒத்துக்கொண்டது. அது என் பார்வைக்கு வந்தபோது 'வேண்டாம்' என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன்: இரண்டு ஆர்கியுமென்ட் இருந்தால் ஒருநாள் இரண்டும் வேறு வேறாகும். அண்ணாச்சிக்கு என் முடிவை மீறிச் சேர்க்கும் அதிகாரம் இருந்தது. சேர்த்தார். எஸ்தர் முதலில் எழுதிய மாற்றம் அவளுடைய கிளையில், நிரலின் தனிப் பிரதியில், அப்படியே கிடந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைத் தொலைபேசிக்கு வருகிறேன். பேசியது ஏரல் மையத்தின் பொறுப்பாளர் முத்துலட்சுமி.

"வசந்தாக்கா, நேத்துல இருந்து வாற ரிப்போர்ட்ல ஏதோ கோளாறு இருக்குக்கா. லாரி ஓட்டுத ஒருத்தரு, ஆறடி ஆளு, ரத்தம் பதினஞ்சு இருக்கு. அவருக்குப் போயி 'ரத்தம் மிகக் குறைவு, இன்றே மருத்துவரைப் பார்க்கவும்'னு போட்டிருக்கு. மனுசன் பயந்துபோயி இங்கன பெஞ்சில உக்காந்திருக்காரு. எனக்கு எத்தன நாளு தாங்கும்னு கேக்காரு."

"அவர விடு. அந்தப் பட்டியல்ல அவருக்குக் கீழ ஆறு, ஏழுன்னு யாருக்காவது இருக்கா பாரு."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா. வாழைத்தார் சுமக்குத ஒரு பொம்பள. ஆறு புள்ளி ரெண்டு. குறிப்பு காலியா இருக்கு. நேத்துச் சாயந்தரமே வாங்கிட்டுப் போயிட்டா. ஒண்ணும் எழுதலன்னா நல்லா இருக்குன்னுதான அர்த்தம்னு கேட்டா. நானும் ஆமான்னுட்டேன்."

"வீடு தெரியுமா?"

"தெரியும்."

"ரிப்போர்ட்டப் பொறவு பாப்போம். மொதல்ல ஆளப் பிடி."

அடுத்து எல்லா மையங்களுக்கும் அச்சிடுவதை நிறுத்தினேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை. நீங்களும் கேட்காதீர்கள். தவறான தாள் வெளியே போய்க்கொண்டிருக்கும்போது காரணத்தைத் தேடி உட்கார்வதும், கூட்டம் கூட்டுவதும் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. முதலில் குழாயை அடைத்துவிடுங்கள். ஏசுபவர்கள் பிறகு ஏசட்டும்.

களக்காட்டுக்கு நான் பேசினேன், ராதாபுரத்துக்கு எஸ்தர் பேசினாள். திங்கள் காலை முதல் கொடுத்த ஒவ்வொரு அறிக்கையையும் திரும்பப் பெறச் சொன்னோம். பதினோரு மணிக்கு முத்துலட்சுமி மறுபடி அழைத்தாள். அந்தப் பெண் தோட்டத்தில் தார் இறக்கிக்கொண்டிருந்தாளாம். கையோடு ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் ஏறுகிறது என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் இருவரும் நிரலைத் திறந்தோம்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குறிப்புகளுக்கென்று அனுப்பும் இரண்டாவது ஆர்கியுமென்ட் மாறியிருந்தது. பொதுவான ஃபங்ஷன் இருந்த இடத்தில் எழுத்துப் பட்டியலுக்கு மட்டும் பொருந்தும் ஒரு நகல் இருந்தது. அந்த நகலில் இரண்டு வரி கூடுதல்: குறிப்பு காலியாக இருந்தால் அதை நீக்கிவிடு. காலிகளை நீக்கியதும் கீழே உள்ளவர்களின் குறிப்புகள் மேலே உள்ளவர்களுக்கு ஏறின. குறிப்பு தீர்ந்துபோனால் மீதிப் பேருக்குக் காலியாக விடும்படி முன்பே எழுதியிருந்ததால் நிரல் எங்கும் நிற்கவில்லை. எங்கள் சோதனைத் தரவில் எல்லோருக்கும் ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைத்திருந்தோம். எனவே சோதனையும் பிழை காட்டவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எஸ்தர் எழுதிய டைப் வரி இருந்திருந்தால் அந்த இரண்டு வரியைச் சேர்த்திருக்கவே முடியாது. எல்லா டைப்புக்கும் பொது என்று உறுதி கொடுத்த ஃபங்ஷன் பட்டியலுக்குள் இருப்பதைத் திறந்து பார்க்க முடியாது. இது காலியா என்று கேட்க அதற்கு வழியே இல்லை. இடம் மாற்றலாம், நீக்கக்கூடச் செய்யலாம். ஆனால் எதைச் செய்தாலும் இரண்டு பட்டியல்களிலும் ஒரே இடத்தில்தான் செய்யும். உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாததுதான் நமக்குப் பாதுகாப்பு. அண்ணாச்சி இரண்டாகப் பிரித்த அன்று அந்தப் பாதுகாப்பைக் கழற்றிப் போட்டோம். கழன்று விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வரிகளை எழுதியவர் பெயர் என்று எஸ்தரின் பெயர் இருந்தது. நேரம், முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை. மையங்களுக்கு அது திங்கள் காலைதான் போயிருந்தது.

"நான் இல்லக்கா" என்றாள்.

அவள் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று முதல் இரண்டு வரை பெண்கள் நாங்கள் எல்லோரும் பின்னறையில் சேர்ந்து சாப்பிடுவோம். அந்த வெள்ளிக்கிழமை அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கை கழுவிவிட்டு வந்தபோது அவள் நாற்காலியிலிருந்து அண்ணாச்சி எழுந்து போவதை இருவருமே பார்த்தோம். என் பார்வைக்கு வராமலே மாற்றத்தைச் சேர்த்த ஒப்புதல் அண்ணாச்சியின் கணக்கில் இருந்தது.

மூன்று மணிக்கு முதலாளி அறையில் கூடினோம். அவர், அண்ணாச்சி, எஸ்தர், நான். நான் அறிந்ததை வரிசையாகச் சொன்னேன். அண்ணாச்சி மறுக்கவில்லை.

"ஆமா சார், நாந்தான் அடிச்சேன். காலிக் குறிப்புக்கு எடம் விடாதீங்க, தாள் வீணாப் போகுதுன்னு குழுமத்துல கேட்டாங்க. ரெண்டு வரி. தப்பாப் போச்சு, இல்லங்கல. ஆனா ஒண்ணு யோசிங்க. குழுமத்துக்கு நாம எழுதிக் குடுத்த பாதுகாப்பு விதி என்ன? எடத்த விட்டு எந்திரிச்சா திரையப் பூட்டணும். இவ பூட்டல. நானா இருக்கப் போயி ஆச்சு. வெளியாளு வந்து உக்காந்திருந்தா?"

எஸ்தர் அவரைப் பார்த்தாள். "பூட்டுனா நீங்க ஏசுவீங்கள்லா அண்ணாச்சி."

"ஏசுனா என்னளா? விதி விதிதான?"

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"வசந்தா, நீங்க சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள குழுமத்துல ஒரு பேரு கேக்காங்க. அண்ணாச்சி பேரக் குடுத்தா ஒப்பந்தம் போயிரும். அதோட எல்லாரு வேலையும் போயிரும்."

"அதுக்கு இந்தப் பிள்ள வேலையா சார்?"

"தகுதிகாண் காலம் இன்னும் முடியலல்லா. காரணம்னு ஒரு வரிகூட எழுத வேண்டியதில்ல."

இதை அவளை முன்னால் உட்காரவைத்துக்கொண்டே சொன்னார். வேறு அறைக்கு என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த அளவு சிரமம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

குழுமத்துக்கு அனுப்பும் விளக்க அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். 'தற்காலிக ஊழியர் ஒருவர் கணினித் திரையைப் பூட்டாமல் சென்றதால் நேர்ந்த பிழை' என்று இருந்தது. ஃபங்ஷனைப் பற்றி ஒரு சொல் இல்லை, இரண்டு ஆர்கியுமென்ட் பற்றி இல்லை, என் 'வேண்டாம்' பற்றி இல்லை. மாட்டேன் என்றேன். "அப்ப நீங்க போடாண்டாம், நானே போடுதேன்" என்று அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். அறிக்கை போயிற்று. அவ்வளவு எளிது. என் கையெழுத்து இல்லாமல் நிற்கும் என்று நான் நினைத்தது எதுவும் நிற்கவில்லை.

எஸ்தர் மேசையைக் காலி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. படிவரை கூடப் போனேன்.

"சமாதானபுரம் வீட்டுக்காரருக்கு இப்பமே போன் பண்ணிருதேன்க்கா. பாவம், அவரு வேற ஆளாவது பாக்கட்டும்."

"அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"திரையப் பூட்டலன்னு சொன்னா அவளுக்குப் புரியுமா? வேற ஏதாவது சொல்லுதேன். நீங்க உள்ள போங்க, ஒங்களயும் தேடப்போறாவ."

எஸ்தர் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள். நிரல் எழுதுவதில்லை. கேட்டால், விருப்பம் இல்லை என்கிறாள். நான் அந்த ஆண்டு முடிவதற்குள் விலகிவிட்டேன். அண்ணாச்சி இன்னும் இருக்கிறார். இப்போது இயக்குநர்களில் ஒருவர்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். டைப் பிழை வந்தால் அதை இரண்டு வழிகளில் நிறுத்தலாம். ஒன்றில், நாம் நினைப்பது என்ன என்பதைக் கம்பைலருக்கு முழுதாகச் சொல்கிறோம். இன்னொன்றில், அது கேள்வி கேட்கும் இடத்தையே எடுத்துவிடுகிறோம். இரண்டிலும் திரையில் பிழை போய்விடும்; எந்த வழியில் போனது என்பதைத் திரை காட்டாது. முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு நன்மை வரும் என்று நான் சொல்லமாட்டேன். எஸ்தர் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். சரியான டைப்பை எழுதுவது அறிக்கையைக் காப்பாற்றும், எழுதியவரைக் காப்பாற்றாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் வராதீர்கள். திரையைப் பூட்டுங்கள், யார் ஏசினாலும்.

மறுநாள் புதன்கிழமை. எட்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு ஆர்கியுமென்ட்களையும் அந்த நகலையும் அழித்தேன். எஸ்தரின் கிளையில் கிடந்த பழைய மாற்றத்தை, ஃபார்ஆல் வரியோடு, ஓர் எழுத்தும் திருத்தாமல் எடுத்து உள்ளே சேர்த்தேன். கம்பைல் ஆனது. ஏரலின் திங்கட்கிழமைப் பட்டியலை ஓட்டிப் பார்த்தேன். ஆறு புள்ளி இரண்டுக்கு நேராக அந்தக் குறிப்பு நின்றது. எந்த மாற்றம் சேர்ந்தாலும் முதலாளிக்கு உடனே ஒரு மின்னஞ்சல் போகும். இரண்டு நிமிடத்தில் உள்தொலைபேசி அடித்தது.

"என்ன வசந்தா இது? நேத்தோட போன பிள்ள பேரு இன்னைக்கு மாற்றத்துல எப்படி வந்திருக்கு?"

"அவ எழுதுனது சார்" என்றேன்.